ரண்டர்ஸிலிருந்து வந்த மீன் கடிதங்கள்

என் கணவர் டென்மார்க்கிலிருந்து எனக்கு எழுதிய கடிதங்களில் பாதி மீனைப் பற்றியவை. அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையில் இன்னும் மூன்று பெண்களுடைய கணவன்மார் வெளிநாட்டில் இருந்தார்கள். அவர்களுக்கு வந்த கடிதங்களில் அழுகை இருந்தது, "இந்த வருசத்துக்குள்ள கூப்பிடுறன்" என்ற உறுதி இருந்தது. எனக்கு வந்தவற்றில் ஈயத்தின் எடை இருந்தது.

அவர் எண்பத்தைந்தில் போனார். யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவராக இருந்தவர். மீன் பிடித்தவர் அல்ல. எங்களுக்கு மீன் என்பது சந்தையில் கூறு போட்டு வைத்திருப்பது. போகும்போது எங்கள் மகளுக்கு நாலு வயது. ஒரு வருடம் அகதி முகாமில் வைத்திருந்துவிட்டு, பிறகு ரண்டர்ஸ் என்ற ஊரில் வீடு கொடுத்தார்கள். கொஞ்ச நாள் மொழிப் பள்ளி, பிறகு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. வேலை கிடைத்த கையோடு என்னையும் மகளையும் கூப்பிட விண்ணப்பம் போட்டார். சட்டப்படி எங்களுக்கு அந்த உரிமை இருந்தது. சில மாதம் எடுக்கும் என்றார்கள். நானும் சில மாதம் என்று எண்ணிக்கொண்டு மகளுக்கு இரண்டு கம்பளிச் சட்டை தைப்பித்து வைத்தேன்.

மீன் அவருக்குப் பக்கத்து வீட்டால் வந்தது. ஒரே படிக்கட்டில் எதிர்க்கதவு. அங்கே ஒரு பஸ் சாரதி தனியாக இருந்தான். மனைவி பிரிந்து போய்விட்டாள், பிள்ளைகளும் அவளோடு. ஒரு மார்கழிச் சனிக்கிழமை அவன் கதவைத் தட்டி, தூண்டில் தடியைக் காட்டி, "வருகிறாயா?" என்று கேட்டிருக்கிறான். இவருக்கு அப்போது டேனிஷ் அரைகுறை. ஆனாலும் போயிருக்கிறார். சனிக்கிழமைகளில் அவருக்குப் போக வேறு இடமும் இருக்கவில்லை.

குளிர்காலத்தில் ரண்டர்ஸ் துறைமுகத்துக்குள் அபோர என்ற மீன் வந்து கூடும். "கொடுவாவுக்குத் தம்பி மாதிரி," என்று எழுதினார். "முதுகில் முள்ளு, உடம்பில் கறுத்த வரி, வயிற்றுச் செட்டை செக்கச் சிவப்பு." அதைப் பிடிக்கிற சாமானுக்குப் பெயர் ஜிக். தூண்டில் முள்ளின் தலையில் ஓர் ஈயக்குண்டு வார்த்திருக்கும். முள்ளின் உடம்பில் ஒரு றப்பர்ப் புழுவைக் கோர்க்கவேண்டும். அவ்வளவுதான். ஆனால் எந்தக் குண்டு, எந்தப் புழு என்பதில் அவர் ஒரு கடிதம் முழுக்க எழுதுவார். நீல நிற எயார் மெயில் தாளில், மடிக்கிற ஓரம் வரை பொடி எழுத்து.

ஒரு கடிதத்தை இன்னமும் வரிவரியாகச் சொல்லுவேன். "குளிருக்கு மீனின் இரத்தமும் மெதுவாகிவிடும். துரத்திப் பிடிக்காது. மூக்குக்கு முன்னால் மெல்ல விழுந்தால்தான் வாயைத் திறக்கும். அதனால் எடை குறைந்த ஜிக் நல்லது, மூன்று கிராம். ஆனால் காற்றும் நீரோட்டமும் உள்ள நாளில் மூன்று கிராம் அடிக்குப் போகாது, இழுபட்டுப் போகும். அப்போது ஏழு போடவேண்டும். ஏழு போட்டால் கல்லுப்போல விழும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. அதே ஏழு கிராமில் தடித்த புழுவைக் கோர்த்தால் தண்ணீர் அதைத் தாங்கிப் பிடிக்கும், மெல்ல இறங்கும். எடை வேறு, பருமன் வேறு என்று நான் இப்போதுதான் படிக்கிறேன். தெளிந்த தண்ணீரில் தடித்த புழுவைக் கண்டால் மீன் ஒதுங்கும். அப்போது கத்தரிக்கோலால் புழுவின் உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிச் சிறிதாக்குவோம். பிள்ளைக்கு இதைச் சொல்லும்."

பிள்ளைக்குச் சொன்னேன். அவளுக்கு அது கதையாகப் போய்விட்டது. ஒவ்வொரு கடிதத்தையும் மூன்று நான்கு தரம் வாசிக்கச் சொல்லுவாள். பிறகு கிணற்றடியில் இருந்து சின்னக் கல்லுகள் பொறுக்கி, நூலில் கட்டி, பழைய சைக்கிள் டியூபை நறுக்கி வாலாக முடிந்து, தண்ணீர் நிறைந்த வாளிக்குள் இறக்குவாள். "இது மூண்டு கிராம். இது ஏழு. அம்மா, இது பாருங்கோ, மெல்லமா விழுது." வாளியைச் சுற்றி வந்து கீழே கிடந்து பார்ப்பாள். சட்டை முழுக்க ஈரமாகும்.

எனக்கு அந்த நேரத்தில் எரிச்சல் கூடிக்கொண்டு வந்தது. எண்பத்தேழின் தொடக்கத்தில் எரிபொருளுக்குத் தடை, கடைகளில் சாமான் இல்லை, இராணுவம் இருந்த கோட்டைப் பக்கமிருந்து ஷெல் வந்து விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கடிதத்தையும் உடைக்கும்போது விண்ணப்பம் என்னவாயிற்று என்ற ஒரு வரியைத் தேடுவேன். இராது. பங்குனியில் வந்த கடிதத்தில் அவர் ஒரு புதிய றப்பர்ப் புழுவின் நிறத்தைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தார். அன்று நான் அரிசிக்காகக் காலையிலிருந்து வரிசையில் நின்று வெறுங்கையோடு வந்திருந்தேன். இருந்த இருப்பில் பதில் எழுதினேன்.

"இஞ்ச பிள்ளைக்குச் சோறில்லை. நீங்கள் அங்க ஈயம் நிறுத்துக்கொண்டிருக்கிறியள். இனி மீனைப் பற்றி ஒரு வரியும் எனக்கு எழுத வேண்டாம்."

அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தது. அந்த வருடம் எத்தனையோ கடிதங்கள் வழியில் தவறின. அது தவறவில்லை.

அதற்குப் பிறகு வந்தவை நாலு வரிக் கடிதங்கள். "நான் சுகம். நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா? வேலை நடக்கிறது. பிள்ளைக்கு என் முத்தம்." மகள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தொடங்கியிருந்த நேரம்.

"அப்பா ஏன் மீன் பிடிக்கேல்லை?"

"அங்க இப்ப கோடை. குளிருக்குத்தான் பிடிக்கிறது."

"குளிர் வந்தா எழுதுவாரோ?"

"ஓம். எழுதுவார்."

குளிர் வரும்போது எங்களுக்குத் தபால் இல்லை. ஐப்பசியில் இந்திய இராணுவத்துடன் சண்டை தொடங்கியது. ஊரடங்கு. நானும் மகளும் என் அம்மாவும் வீட்டை விட்டு, கோயிலொன்றில் சனத்தோடு சனமாகக் கிடந்தோம். ஒரு கிணறு, ஆயிரம் பேர். மகளுக்குக் காய்ச்சல் தொடங்கியது. நெருப்புக்காய்ச்சல், தைபோயிட் என்று அங்கே இருந்த, அரச ஆசுபத்திரியில் வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்ற அப்போதிக்கரி ஒருவர் சொன்னார். அவரிடம் மருந்து இருக்கவில்லை. ஆசுபத்திரிக்குப் போகிற வழி அடைத்திருந்தது. பன்னிரண்டு நாள் கிடந்தாள். கடைசி நாட்களில் பிதற்றினாள். அதில் அப்பா வந்தார், வாளி வந்தது. ஊரடங்கு தளர்த்திய இரண்டு மணி நேரத்துக்குள் நாலு ஆண்கள் கொண்டு போய்ப் புதைத்துவிட்டு ஓடிவந்தார்கள். அவளுக்கு ஆறு வயது முடிந்து மூன்று மாதம்.

அவருக்கு எழுத எனக்கு ஒரு மாதம் எடுத்தது. எத்தனையோ தாளைக் கிழித்தேன். கடைசியில் நானும் நாலு வரிதான் எழுதினேன். கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டேன்.

பிறகு ஒன்றரை வருடம். எங்களைப் போன்றவர்களின் விண்ணப்பங்களை நீதி அமைச்சில் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. கோப்பு தொலைந்ததோ, இவர் ஏதும் பிழையாக எழுதினாரோ என்றுதான் நினைத்தேன். எண்பத்தொன்பதில் அனுமதி வந்தது. தடித்த வெள்ளைத் தாள். அதில் இரண்டு பெயர் இருந்தது. என்னுடையதும் மகளுடையதும். அவளுடைய பிறந்த திகதி கூடச் சரியாக இருந்தது.

கொப்பன்ஹேகன் விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளம் பெண் தாளைப் பார்த்துவிட்டு எழும்பி, மேசைக்கு மேலால் எட்டி, என் காலடியில் பார்த்தாள். பிள்ளை மேசை உயரத்துக்கு வராது, கீழே நிற்கிறாள் என்று நினைத்திருக்கிறாள். இரண்டு விரல் காட்டினாள். நான் ஒரு விரல் காட்டினேன். அவளுக்கு விளங்கவில்லை. நான் கையைக் கன்னத்தில் வைத்து, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் காட்டினேன். அதற்குப் பிறகு அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. முத்திரையைக் குத்தித் தந்தாள்.

வெளியே அவர் நின்றார். மெலிந்திருந்தார். முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. என்னைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார். தெரிந்தும் பார்த்தார்.

ரயிலில் நான் கேட்டேன். "பேரை எடுக்கச் சொல்லி எழுதேல்லையோ?"

"வெட்டச் சொல்லி நான் எப்பிடி எழுதுறது?" என்றார்.

ரண்டர்ஸ் வரும்வரை அவ்வளவுதான் கதைத்தோம்.

முதல் மாதங்களில் எங்களுக்குள் உப்பு, பஸ் நம்பர், குளிர் அங்கி, இவைதான் பேச்சு. அவர் நல்ல மனிதராகத்தான் இருந்தார். இரவு வேலையால் வந்து சத்தமில்லாமல் சப்பாத்தைக் கழற்றுவார். எனக்கு முன் எழும்பித் தேத்தண்ணி வைப்பார். மகளின் படம் ஒன்று சுவரில் இருந்தது. நான் அதைக் கடக்கும்போது அவர் யன்னலைப் பார்ப்பார். அவர் கடக்கும்போது நான் அடுப்பைப் பார்ப்பேன். குளிர் வந்தது. அவர் மீன் பிடிக்கப் போகவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

அந்த மார்கழியில் கட்டிடத்தின் நிலவறையில் எங்களுக்கென்று இருந்த சின்னக் கூண்டை ஒழுங்குபடுத்தப் போனேன். பழைய சைக்கிளுக்குப் பின்னால் ஒரு தடி, அதன் அருகே தட்டையான பிளாஸ்டிக் பெட்டி. திறந்தேன். சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஜிக்குகள், எடைப்படி அடுக்கி, ஓரத்தில் றப்பர்ப் புழுக்கள். என் வாழ்க்கையில் அதற்கு முன் நான் ஒரு ஜிக்கைக் கண்டதில்லை. ஆனால் கண்டவுடன் தெரிந்தது. இது மூன்று, இது ஐந்து, இது ஏழு. இது தெளிந்த தண்ணீருக்கு, இது கலங்கலுக்கு. கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகுதான் கவனித்தேன், எல்லாமே புதியவை. கடையில் ஒட்டிய விலைச்சீட்டுக் கூடக் கழற்றாமல் இருந்தது. ஒரு முள்ளிலும் தண்ணீர் பட்ட கறை இல்லை.

மேலே கொண்டுபோய்க் குசினி மேசையில் வைத்தேன். அவர் வேலையால் வந்து கண்டார்.

"அதைக் கொண்டுபோய் அங்கேயே வையும்."

"இதெல்லாம் ஏன் புதுசாக் கிடக்குது?"

அவர் குளிக்கப் போய்விட்டார். தண்ணீர் நெடுநேரம் ஓடியது.

பதிலை எனக்குச் சொன்னவன் பஸ் சாரதி. நானும் மொழிப் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தேன். சில நாட்களில் அவனுடைய பஸ்ஸில் ஏறுவேன். தை மாதத்தில் ஒரு மத்தியானம், கடைசித் தரிப்பில் நானும் அவனும் மட்டும். புறப்பட இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அவன் பஸ்ஸை நிறுத்திவிட்டு என் முன் இருக்கையில் வந்து இருந்தான். "உன் கணவர் ஏன் என்னோடு வருவதில்லை?" என்று கேட்டான். "தெரியாது" என்றேன். என்னிடம் இருந்த டேனிஷ் சொற்களில் அதுதான் அதிகம் பாவித்த சொல். அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு மெதுவாக, சின்னச் சொற்களாகப் பொறுக்கி, கையாலும் காட்டிச் சொல்லத் தொடங்கினான். விளங்காத இடத்தில் நான் நிறுத்தினேன். அவன் திரும்பச் சொன்னான்.

இரண்டு வருடத்துக்கு முந்திய தை மாதம் அது. அன்று காலை எங்கள் வீட்டுத் தபால் துவாரத்தால் ஒரு நீலக் கடிதம் விழுந்திருக்கிறது. இவர் அதை வாசித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முன்பே சொன்னபடி அவனோடு துறைமுகத்துக்குப் போயிருக்கிறார். காற்றில்லாத நாள். தண்ணீர் கண்ணாடி போல. சின்ன ஜிக், மெல்லிய புழு போடவேண்டிய நாள். இவர் பெட்டியில் இருந்ததிலேயே பாரமானதை எடுத்து, தடித்த புழுவைக் கோர்த்து எறிந்தார்.

"நான் சொன்னேன், இது மிகப் பெரிது, மிகப் பாரம் என்று. அவர் கேட்கவில்லை. அது அடியில் கல்லில் மாட்டியது. இழுத்தார். நூல் அறுந்தது. இன்னொன்று கட்டினார். அதுவும் பெரிது. அதுவும் மாட்டியது. அறுத்தார். நான் அவரைத் திட்டினேன். காசை ஏன் தண்ணீரில் எறிகிறாய் என்று கேட்டேன். அவர் அடுத்ததைக் கட்டினார். பெரியது முடிய நடுத்தரம். நடுத்தரம் முடியச் சின்னது. கடைசியில் பெட்டியில் ஒன்றும் இல்லை. எனக்குக் கோபம் வந்து நான் தள்ளிப் போய் நின்றேன்."

அவன் தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான்.

"பிறகு அவர் என்னிடம் வந்து கடிதத்தைத் தந்தார். நான் இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தேன். உங்கள் எழுத்து எனக்கு வாசிக்க முடியாதே. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். டேனிஷில் சொன்னார். என் மகள் இறந்துவிட்டாள். நாலே சொல். பிழையில்லாமல் சொன்னார்."

அடுத்த சனிக்கிழமை அவன் கடைக்குப் போய், இவர் தொலைத்த எல்லாவற்றையும் ஒவ்வொரு எடையிலும் வாங்கி, ஒரு புதிய பெட்டியில் அடுக்கி, எங்கள் கதவடியில் வைத்திருக்கிறான். திட்டியதற்கு மன்னிப்பாக. இவர் அதை எடுத்து நிலவறையில் வைத்தார். அதன் பிறகு தூண்டிலைத் தொடவில்லை.

பஸ் புறப்படுகிற நேரமாகிவிட்டது. அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு தன் இருக்கைக்குப் போனான். நான் இறங்கவேண்டிய தரிப்பையும் தாண்டிப் போய், அடுத்ததில் இறங்கி நடந்தேன்.

அன்றிரவு நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கிழமை கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, சோறு போட்டுக்கொண்டே சொன்னேன். "நாளைக்கு என்னைத் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ."

"என்னத்துக்கு?"

"எனக்குப் பாக்கவேணும்."

அவர் நெடுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "குளிரும்," என்றார். அது சம்மதம்.

அடுத்த நாள் பத்து மணிக்குப் போனோம். தானியக் களஞ்சியங்களின் கீழே கப்பல்களைக் கட்டி நிறுத்துகிற கரை. ஓரங்களில் மெல்லிய ஐஸ் பிடித்திருந்தது. நடுவே தண்ணீர் மண்ணிறமாக ஓடியது. முந்தின கிழமை பெய்த மழையில் ஆறு கலங்கியிருந்தது. காற்று முகத்தை அறுத்தது. அவர் பெட்டியைத் திறந்து முன்னால் வைத்துக்கொண்டு, ஒன்றையும் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் குந்தியிருந்து ஏழு கிராமை எடுத்தேன். ஒரு தடித்த, கறுத்த புழுவை எடுத்து அதன் மேல் வைத்தேன்.

"ஏன் அது?" என்று கேட்டார்.

"நீரோட்டம் இருக்குது. மூண்டு அடிக்குப் போகாது. தண்ணி கலங்கல், மெல்லிசா இருந்தா மீனுக்குத் தெரியாது. தடிப்பா இருந்தா மெல்லமா விழும்."

அவர் என்னைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று. கையுறையைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். காற்றுக்கு என்பது போல.

"எல்லாம் வாசிச்சிருக்கிறீர்."

"நான் வாசிச்சது ஒருக்கா. அவளுக்கு வாசிச்சுக் காட்டினது நாலு தரம்."

அந்த வார்த்தையோடு எனக்கு அடைப்பு உடைந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். வாளி, கல்லு, டியூப் வால். மூண்டு கிராம், ஏழு கிராம். நான் கோபத்தில் எழுதிய பிறகு வந்த கடிதங்களை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தது. குளிர் வந்தால் அப்பா எழுதுவாரோ என்று கேட்டது. ஓம் என்று நான் சொன்னது. "கடைசி ஏழு மாசமும் அவளுக்கு உங்கட கடிதம் இல்லாமல் போச்சுது. நான்தான் நிப்பாட்டினது. எனக்குக் கோவம், அவளுக்கு என்ன?" இப்படி ஏதோ சொன்னேன். கரையில் ஒரு ஆள் நாயோடு போனான். எங்களைப் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

"நீர் கோவத்தில எழுதினனீர்" என்றோ "பரவாயில்லை" என்றோ அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

"எனக்கு எழுத வேற ஒண்டும் இருக்கேல்லை," என்றார். "அலுவல் என்னாச்சு எண்டு கேப்பீர். ஒவ்வொரு மாசமும் கொமுனைக் கந்தோருக்குப் போய்க் கேப்பன். அமைச்சில கிடக்குது எண்டுவினம். அதை எத்தினை தரம் எழுதுறது? பன்றி வெட்டுற வேலையை எழுதுறதோ? சனிக்கிழமை பின்னேரம் ஒண்டுதான் எழுதக்கூடியதா இருந்துது."

"எனக்கு அது விளங்கேல்லை."

"எனக்கும் உங்கட நிலைமை விளங்கேல்லை. அரிசி இல்லாத வீட்டுக்கு ஆரும் றப்பர்ப் புழுவைப் பற்றி எழுதுவினமோ?"

பிறகு அவர் நான் எடுத்த ஜிக்கை வாங்கிக் கட்டினார். விரல் விறைத்து முடிச்சு விழவில்லை. நான் நூலின் மற்ற நுனியைப் பிடித்தேன். எறிந்தார். தடியை என் கையில் தந்து, அடியைத் தொடுகிறது எப்படித் தெரியும் என்று காட்டினார். நூல் தளரும். பிறகு ஒரு சாண் தூக்கி, விடவேண்டும். விழ விடவேண்டும். இழுக்கக்கூடாது. குளிர்கால மீன் கொத்துவது இழுவையாகத் தெரியாது, பாரம் இல்லாமல் போவதுபோல இருக்கும் என்றார். அது கடிதத்தில் இல்லாத விசயம்.

எனக்கு ஒருமுறை அப்படி இருந்தது. கையில் இருந்த பாரம் திடீரென்று இல்லை. நான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். "தூக்கும், தூக்கும்" என்று அவர் கத்துமுன் பாரம் திரும்பி வந்துவிட்டது. மீன் துப்பிவிட்டது. அன்று எங்களுக்கு ஒன்றும் படவில்லை. மூன்று மணிக்கு வெளிச்சம் குறையத் தொடங்கத் திரும்பினோம்.

அந்தக் குளிர்காலம் முடியும்வரை அநேகமான சனிக்கிழமைகளில் போனோம். சில நாள் பஸ் சாரதியும் வந்தான். கறுத்த பாணும் கோப்பியும் கொண்டு வருவான். எனக்கும் அவனுக்கும் ஜிக் பருமனில் கடும் வாக்குவாதம் நடக்கும். அவன் எப்போதும் சின்னது என்பான். நான் கலங்கலென்றால் தடித்ததுதான் என்பேன். என் டேனிஷ் அந்த வாக்குவாதத்தில்தான் வளர்ந்தது. பிடித்த மீனை மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிப் பொரித்து அவனுக்கும் ஒரு தட்டுக் கொடுப்பேன். கண்ணில் நீர் வடிய வடியச் சாப்பிடுவான்.

வீட்டில் மகளைப் பற்றி நாங்கள் கதைப்பது அப்போதும் குறைவு. கரையில் கதைத்தோம். இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, முகம் பாராமல், ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவருக்குச் சொன்னோம். அவளுடைய கடைசி இரண்டு வருடம் அவருக்குத் தெரியாது. அதை நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். எந்தப் பல் முதலில் விழுந்தது, எந்தப் பாட்டுப் பாடினாள், எந்த நாய்க்குப் பயம். பன்னிரண்டு நாளையும் ஒருநாள் சொன்னேன். அவர் தடியை மடக்கிவிட்டு, "இனி இண்டைக்குப் போதும்" என்றார். வீடு வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வீதியில் கை பிடித்து நடக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. அன்று அதை இருவரும் பொருட்படுத்தவில்லை.

துக்கம் தீர்ந்தது என்று நான் சொல்லவரவில்லை. அது தீரவில்லை. அவருக்குச் சில தை மாதங்களில் ஒரு கிழமை, பத்து நாள் பேச்சு நின்றுவிடும். எனக்குக் காய்ச்சல்காரப் பிள்ளைகளைப் பார்க்க இன்றும் முடியாது. ஆனால் ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகச் சுமந்ததைப் பிறகு ஒன்றாகச் சுமந்தோம். தொண்ணூற்றொன்றில் மகன் பிறந்தான்.

அதற்குள் எங்கள் விண்ணப்பங்களின் கதை நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது. பேப்பரில் ஒவ்வொரு நாளும் தமிழர் என்ற சொல் வந்தது. தொழிற்சாலையில் இவரிடம், "நீயும் அந்தத் தமிழர்களில் ஒருவனா?" என்று கேட்டார்கள். ஓம் என்றார். அதற்கு மேல் எவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. விசாரணை நடந்தது. தடித்த அறிக்கை வந்தது. அதோடு தொண்ணூற்றுமூன்று தை மாதம் பிரதமர் பதவி விலகினார்.

அந்த நேரம் நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். அன்று பின்னேரம் எல்லாரும் கூடத்தில் ரீவிக்கு முன்னால் இருந்தார்கள். நான் கோப்பிக் கோப்பைகளைச் சேகரித்துக்கொண்டு வந்தேன். யன்னலோரச் சக்கரக் கதிரையில் இருந்த ஒரு பாட்டி என் கையைப் பிடித்தாள். முன்பு பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவள், செவி கொஞ்சம் மந்தம்.

"இது உங்களைப் பற்றியதுதானே?"

"ஓம், எங்களைப் பற்றியது."

"வெட்கம்," என்றாள். "எனக்கு வெட்கமாக இருக்கிறது." என் கையை விடவில்லை. "ஆனால் நீ வந்து சேர்ந்துவிட்டாய். உனக்கு எத்தனை பிள்ளைகள்?"

அங்கே வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து அந்தக் கேள்விக்கு நான் ஒன்று என்றுதான் சொல்லி வந்தேன். சொல்லுவது சுலபம், கேட்பவர்களுக்கும் சுலபம்.

"இரண்டு," என்றேன்.

"எத்தனை வயது?"

"மகனுக்கு இரண்டு முடியப் போகிறது. மகளுக்கு ஆறு."

"ஆறு," என்று பாட்டி தலையாட்டினாள். "நல்ல வயது. எல்லாவற்றுக்கும் ஏன் ஏன் என்று கேட்கும் வயது."

"ஓம்," என்றேன். "கேட்பாள்."

ரீவியில் இன்னும் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். பாட்டியின் கோப்பையில் அரைவாசி மிஞ்சியிருந்தது. குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றுவிட்டு, கோப்பையை வாங்கித் தட்டில் வைத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனேன்.